வெயிலைச் செய்தியாக்கச் சொல்லித் தந்தவனுக்கு

இன்று காலை பூ மார்க்கெட்டில் என் கூடையைத் திறந்தேன். மல்லிகை வாசத்துக்கு அடியில் ஒரு கருகல் வாடை. மொட்டெல்லாம் செடியிலேயே வெந்து, நுனி சிவந்து கிடந்தது. "ஏலே நிருபரு, வந்து எழுதிட்டுப் போ" என்று உன்னைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன். அப்புறந்தான் நீ இல்லாதது உறைத்தது.

மூன்றாம் வகுப்பில் உன் பக்கத்தில் உட்கார்ந்ததோடு என் படிப்பு முடிந்தது. நீ பேப்பர் நிருபரானாய். சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பருவநிலை மாற்றத்தைச் செய்தியாக எழுதப் பழக்கினாய். முதல் நாள் அத்தனை பிள்ளைகளும் பனிமலை உருகுவதையே எழுதியிருந்தார்கள்.

"ஏலே, சங்கரன்கோவில்ல எவம்ல பனிமலையப் பாத்தான்? உங்க தெருவுல என்ன உருகுது?" என்று கேட்டாய்.

"தாரு ரோடு சார்" என்றாள் என் தங்கை மகள்.

ஜன்னலோரம் நின்ற நான் சும்மா இருப்பேனா? "உங்க சார் தலைமுடியும் அந்த வெயில்லதான் உருகிச்சு மக்கா, எழுதிக்கோ" என்றேன். அவள் எழுதியே விட்டாள்.

"முடி போனத நீ பாத்தியாட்டி? பாக்கணும், இல்ல தெரிஞ்சவங்ககிட்ட கேக்கணும். இவங்கிட்ட கேட்டா கணக்குல வராது" என்றாய். அவளே சிரித்துக்கொண்டு அந்த வரியை அடித்துவிட்டாள்.

சித்திரையில், கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் வற்றிய குளத்தைப் படமெடுக்க உச்சி வெயிலில் தனியாகப் போனாய். குளத்தின் நடுவில் விழுந்து கிடந்த உன்னை ஆடு மேய்த்தவர்கள் தூக்கி வந்தார்கள். மாரடைப்பு என்றார் டாக்டர். உன் பேப்பரிலும் அதுதான் வந்தது. வெயில் என்ற சொல்லே இல்லை.

பிள்ளைகள் உன் சாவைப் பள்ளிக்கூடப் பலகைக்குச் செய்தியாக எழுத உட்கார்ந்தார்கள். எனக்கோ ஆத்திரம். எதைப் பற்றி எழுதி எழுதித் தேய்ந்தாயோ, அது உன்னையே கொண்டுபோனதை ஒருத்தரும் சொல்லவில்லையே.

"வெயிலு கொன்னுட்டுன்னு எழுதுட்டி" என்றேன் தங்கை மகளிடம்.

"டாக்டர் அப்படிச் சொல்லலையே மாமா."

"நான் சொல்லுதேன்லா!"

"நீங்க பாத்தியளா?"

அவள் அழுதுகொண்டே சைக்கிளை எடுத்தாள். நான் பைக்கில் பின்னாலேயே போனேன். வெடித்துக் கிடந்த குளத்தின் நடுவரை நடந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். திரும்பி வந்து, டாக்டர் மாரடைப்பு என்று சொன்னதை எழுதினாள். அதற்குக் கீழே இன்னொரு வரி: "அவர் விழுந்து கிடந்த இடத்தில் நிழல் இல்லை."

நீ எப்படிச் செத்தாய் என்று டீக்கடையில் இப்போதும் கேட்கிறார்கள். நான் அந்த இரண்டு வரியைத்தான் சொல்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள், அடுத்து ஏதோ கிண்டல் வரப்போகிறது என்று சிரிக்கத் தயாராக நிற்பார்கள். நான் ஒன்றும் சேர்ப்பதில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.