மஸ்கட்டிலிருந்து வந்த மஞ்சள் குல்லா

இன்று காலை உங்கள் படம் என் போனுக்கு வந்தது, சிஸ்டர். நம் மலையில் வேலை பார்த்தவர்களின் வாட்ஸப் குழுவில், உங்கள் போனிலிருந்து உங்கள் தங்கை போட்டிருந்தாள். மாலை போட்ட படம். உங்கள் முகம் என் போனுக்கு வருவது இதுதான் முதல் தடவை. கீழே வரிசையாக "எங்க சிஸ்டர்", "எங்க சிஸ்டர்" என்று நாற்பது பேர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்கு எப்போது நீங்கள் 'எங்க' சிஸ்டர் ஆனீர்கள்? ஊசி போட்டுக்கொண்டதோடு சரி. துணைச் சுகாதார நிலையத்துக்கு எதிரே, பால்வாடியில் டீச்சராக இருந்துகொண்டு, ஆறு வருஷம் உங்களோடு மதியச் சோறு தின்றவள் நான். அழுவதற்கு முன்னால் பொறாமைப்பட்டேன். என் புத்திதான் உங்களுக்குத் தெரியுமே.

இப்போது எந்த தேசத்திலிருந்தும் கண் மூடித் திறப்பதற்குள் படம் வந்துவிடுகிறது. அன்றைக்கு அப்படியா? என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். அவர் படம் அனுப்பினால், என் போனுக்கு 'படம் வந்திருக்கிறது' என்று இங்கிலீஷில் இரண்டு வரி வரும். படம் வராது. சேந்தமங்கலத்துக்கு இறங்கிப் போய் போன் கடையில் கேட்டேன். "அந்த ஊரு கம்பெனிக்கும் உங்க கம்பெனிக்கும் படம் மாத்திக்கற ஒப்பந்தம் இல்லீங்க. பேசலாம், எழுதலாம், படம் மட்டும் வராதுங்க" என்றான் கடைக்காரன். சிம்மை மாற்றலாம் என்றால், எங்கள் வீட்டில் வேறு எந்தக் கம்பெனி சிக்னலும் எடுக்காது. உங்கள் கம்பெனிக்கு ஒப்பந்தம் இருந்தது. நிலையத்து வாசலில் சிக்னலும் இருந்தது. அதனால் அவர் உங்கள் நம்பருக்கு அனுப்பினார்.

முதல் படம் வந்த அன்று வாசலில் நின்று கத்தினீர்கள். "ஏட்டி, ஓடியா! ஒன் வீட்டுக்காரரு வந்துருக்காரு!" பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியோடு ஓடி வந்தேன். தூத்துக்குடிக்காரியின் குசும்பு எனக்கு அப்போது பழகவில்லை. நீங்கள் போனை நீட்டினீர்கள். நீட்டும்போதே, "மீசைய எடுத்துட்டாருட்டி. ஆனாலும் நல்லாத்தான் இருக்காரு" என்றீர்கள்.

சிஸ்டர், அந்த ஒரு வார்த்தை பல மாதம் என் நெஞ்சில் கிடந்து எரிந்தது. என் புருஷன் மீசை எடுத்ததை எனக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். நல்லா இருக்கிறாரா இல்லையா என்று தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள். அவரிடம் போனில் சண்டை பிடித்தேன். "உனக்குத்தான் வரமாட்டீங்குதே கண்ணு, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். மிளகு பறிக்கிற இடத்தில் ஒருத்தி கேட்டாள்: "ஏனுங்க டீச்சர், உங்கூட்டுக்காரரு நர்ஸம்மா போன்லதான் குடியிருக்கறாராமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அதற்குப் பிறகு உங்களை வேவு பார்க்க ஆரம்பித்தேன். தினமும் சாப்பிட்டு முடித்ததும் தனியாகப் போய்ப் படியில் உட்கார்ந்து போனைப் பார்ப்பீர்கள். சேலைத் தலைப்பால் அந்தச் சின்னக் கண்ணாடியைத் துடைப்பீர்கள், மறுபடி பார்ப்பீர்கள். என் புருஷனைத்தான் பார்க்கிறீர்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். வேறு யார் இருக்கிறார்கள் உங்களுக்கு, கல்யாணமும் ஆகவில்லை என்று நினைத்தேன். இதை எழுதவே கை கூசுகிறது.

ஒருநாள் போனைப் பால்வாடியில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுத் தடுப்பூசி போடப் போனீர்கள். நான் அதை எடுத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளினேன். இவர், இவர், மறுபடி இவர். நடுவில் ஒரு பச்சைக் குழந்தை. ஏதோ வாழ்த்துப் படம் என்று நினைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சேர்த்து அழிக்கிற பொத்தானை அமுக்கினேன். அன்று மதியம் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

சாயங்காலம் வந்து போனைப் பார்த்தீர்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"ஏட்டி, போன யாராச்சும் தொட்டாவளா?"

"இல்லீங்க சிஸ்டர்."

அப்புறம்தான் சொன்னீர்கள். மஸ்கட்டில் இருக்கும் தங்கைக்குப் பிறந்த பிள்ளை, ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தது. ஒரே ஒரு படம். "அவளால பாக்க முடியலட்டி. எனக்கு அனுப்பிட்டு அவ போன்ல அழிச்சுட்டா. நான் பத்திரமா வச்சிருப்பேன்னு நெனச்சா."

"நாந்தானுங்க அழிச்சேன். எங்கூட்டுக்காரரு உங்க போன்ல இருக்கறது எனக்குப் பொறுக்கலீங்க" என்றேன். அறைவீர்கள் என்று நின்றேன். நீங்கள் போனை மடியில் வைத்தீர்கள். பிறகு கேட்டீர்கள்:

"அழிக்கதுக்கு முன்ன அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தியா?"

"பாத்தேனுங்க."

"அப்ப சொல்லு. என்னெல்லாம் பாத்தே?"

மஞ்சள் குல்லா என்றேன். இடது கையை மூடிக் காதோரம் வைத்திருந்தான், மேலுதடு கொஞ்சம் முன்னால் நீட்டியிருந்தது, ஒரு கண் மட்டும் பாதி திறந்திருந்தது என்றேன். நீங்கள் அழுதுகொண்டே தலையாட்டினீர்கள். "மறந்துராத. எனக்கு ஒண்ணுன்னா நீதான் சொல்லணும். ஒரு நா அவ கேப்பா." அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள், சோறு தின்னும்போது திடீரென்று, "எந்தக் கைட்டி?" என்று. மாற்றலாகித் தூத்துக்குடிக்குப் போன பிறகும் போனில் கேட்டீர்கள். இடது கைங்க, இடது கைங்க. என் புருஷனின் படங்களை நீங்கள் மறுபடி வாங்கித் தந்தீர்கள். அவர் திரும்பி வந்து எத்தனையோ வருஷமாகிறது. அந்தப் படங்களில் ஒன்றுகூட இப்போது எனக்கு நினைவில்லை.

இன்று சாயங்காலம் உங்கள் தங்கை எனக்குத் தனியாக எழுதியிருந்தாள். "அக்கா, உங்க நம்பர் எங்கக்கா டைரில இருந்துச்சு. அவ பழைய போன்ல ஒரு புள்ள படம் இருந்துச்சு. உங்ககிட்ட இருக்குமா? எனக்கு அவன் மூஞ்சி மறந்துகிட்டே வருது."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சட்டென்று கொடுக்க மனம் வரவில்லை. இத்தனை வருஷம் அந்த முகம் உங்களுக்கும் எனக்கும் மட்டுமே சொந்தமாக இருந்தது. அந்த நாற்பது பேரிடம் இல்லாதது அது ஒன்றுதான். பெற்றவளிடமே பொறாமைப்பட்டேன், பாருங்கள். ஒரு மணி நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"படம் இல்லீங்க. நாந்தான் அழிச்சேன். ஆனா பாத்திருக்கறேனுங்க" என்றேன். "மஞ்சக் குல்லாங்க. ஒரு கைய மூடிக் காதோரம் வெச்சிருந்தானுங்க."

"எந்தக் கைக்கா?"

உங்கள் குரலேதான், சிஸ்டர்.

"இடது கைங்க."

"ஆமா" என்றாள். "ஆமாக்கா. இன்னும் சொல்லுங்க."