நான்காவது பதில்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒரு குறையும் இல்லை, உனக்கும் அப்படியே இருக்க வேண்டும். மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போனில் சொன்னால் "டென்ஷன் ஆகாதம்மா" என்று என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் மெயில், முழுசாகப் படி. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய்தான் குறையவில்லை. நான் டேப்லட்டைக் கையில் எடுத்தாலே, "டீச்சரம்மா மிஷினுக்குப் பாடம் நடத்தக் கெளம்பியாச்சு" என்று கிண்டல்.

அந்த மிஷினால் வந்ததுதான் எல்லாம். வகுப்புக்குக் கேள்வி தயாரிக்க ஏஐ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாயே, அது நன்றாகத்தான் உழைத்தது, குறை சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஏழாம் வகுப்பில், பயந்தால் நெஞ்சு ஏன் படபடக்கிறது என்று பாடம். தொடக்கத்தில் பிள்ளைகளைக் கலகலப்பாக்க ஒரு வாக்கெடுப்பு கேட்டேன். 'உங்களுக்கு எதற்கு அதிகப் பயம்?' என்று கேள்வியும் நான்கு பதிலும் உடனே வந்து விழுந்தன. பரீட்சை, இருட்டு, நாய் வரைக்கும் படித்தேன், மணி அடித்துவிட்டது, நான்காவதைப் பார்க்காமலே போட்டுவிட்டேன். பெயர் வராமல் இருந்தால்தான் பிள்ளைகள் உண்மையைச் சொல்லும் என்று நீ சொன்னபடி பெயரை மறைத்தேன், முடிவை மறைக்கத் தோன்றவில்லையே! பிள்ளைகள் அவரவர் டேப்லட்டில் அமுக்க அமுக்கப் பெரிய திரையில் கோடுகள் வளர்ந்தன, பரீட்சை முன்னால் ஓட, நாய் பின்னால் துரத்த, ஒரே சிரிப்பு. அப்புறம் கடைசிக் கோட்டில் ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. 'வீட்டுக்குப் போவது.'

ஐயோ, நான் படிக்காமல் விட்ட பதில் அதுதான். "ஏய், யாரு அது?" என்று முதலில் கத்தியது ரேடியோ, வகுப்பிலேயே வாய் ஓயாத பெண், அதனால் நான் வைத்த பெயர். எல்லாத் தலைகளும் அங்குமிங்கும் திரும்பின. திரையை அணைத்தேன், என்ன பிரயோசனம், ஒரு குழந்தை என்னை நம்பிச் சொன்னதை வகுப்புக்கே காட்டிவிட்டேன். சாயங்காலம் கேட்டில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மெதுவாக நடக்கிறவன் மேலும் சந்தேகம், விழுந்தடித்து ஓடுகிறவள் மேலும் சந்தேகம். தலைமையாசிரியை, "எதாவது வாலு வெளையாட்டுக்கு அமுக்கியிருக்கும், அழிச்சிட்டு வேலையப் பாருங்க" என்றார். விளையாட்டாக இல்லாவிட்டால் என்று கேட்டேன், மேஜைமேல் இருந்த ஃபைலைப் பிரித்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது யாராவது 'உள்ளேன்' சொல்லக் கொஞ்சம் தாமதித்தாலும் பதிவேட்டை வைத்துவிட்டு அந்த முகத்தையே பார்க்கிறேன்.

நேற்று வகுப்பில், பள்ளி விட்ட பிறகும் ஆய்வகம் திறந்திருக்கும், யாரும் வரலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்தேன். கழுவின சோதனைக் குழாய்களையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். ரேடியோதான் வந்தாள். பென்சிலைத் தேடுகிற மாதிரி மேஜைக்கடியில் குனிந்தாள். நிமிராமலே, "மிஸ், அன்னிக்குப் போட்டத அழிச்சிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அழிச்சிடாதீங்க மிஸ்" என்றாள். அதற்குமேல் அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நானும் தரையிலேயே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் பூட்ட வந்தபோது, சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்றாள், கூடவே நடந்து போய் விட்டுவந்தேன். இன்று அவளும் நானும் குழந்தைகள் நல அதிகாரியைப் பார்க்கப் போகிறோம், நடந்ததைச் சொன்னதும் தலைமையாசிரியையும் கூட வருகிறேன் என்றார். நான் எதையாவது தப்பாகப் பேசி அவளை இன்னும் மாட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அந்த வாக்கெடுப்பு முடிவு தானாக அழிந்துவிடாமல் எப்படி எடுத்து வைப்பது என்று உடனே சொல், மறந்துவிடாதே.

நீ தீர்க்காயுசாக இரு, தங்கமே. வேளைக்குச் சாப்பிடு. வேலை முடிந்து வீடு சேர்ந்ததும் தினமும் ஒரு வார்த்தை அனுப்பு, அம்மாவுக்கு வேறு வேலையில்லை என்று சிரிக்காதே. அங்கே உனக்கு வீட்டுக்குப் போகப் பயமில்லையே, கண்ணு?

இப்படிக்கு,
உன் பயந்தாங்கொள்ளி அம்மா