மாக்னுஸ் பனியில் சொன்னது

வின்னிபெக் ஏரிக்கரை,
பிப்ரவரி 1944

அன்பு மகன் ஹால்டோருக்கு,

இங்கே நானும் அம்மாவும் நன்றாகவே இருக்கிறோம், அங்கே இங்கிலாந்தில் உன் உடம்பும் மனசும் தேறியிருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். ஏரி நன்றாக உறைந்துவிட்டது, மீன் பரவாயில்லை, குதிரைக்குத்தான் முன்னங்காலில் வீக்கம். அம்மா கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறாள், ஈரக் காலோடு போடாதே.

உன் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். இத்தாலியில் அந்த ஆற்றை இரண்டு தடவை தாண்டப் பார்த்து ஆட்களைப் பறிகொடுத்த பிறகு, பட்டப்பகலில் மறுபடி என் கம்பெனி வீரர்களை அனுப்ப மாட்டேன், இருட்டட்டும் என்று நீ சொன்னதையும், கர்னல் அங்கேயே உன்னை நீக்கி, புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டதையும் படித்தேன். வாத்தியார் வேலையை விட்டு லெப்டினன்டாகப் போனவன் நாலு வருஷத்தில் மேஜர் ஆகிவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான், கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டேன். அம்மாதான், "அவன் ஆளுங்க உயிரோட இருக்காங்கல்ல, அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள்.

ஆனால் உங்களுக்குப் பதிலாக ஆற்றில் இறங்கிய கம்பெனியில்தான் எதிர்வீட்டு மாக்னுஸின் மகன் யோனாஸ் இருந்தான். அவன் போய்விட்ட செய்தி வந்ததிலிருந்து மாக்னுஸ் என்னோடு பேசுவதில்லை, நான் கடைக்குள் நுழைந்தால் அவர் வெளியே போய்விடுவார். உன்னால்தான் என்று ஊரிலும் சிலர் முணுமுணுத்தார்கள். போன வாரம் ஏரியில் என் சறுக்குவண்டி பனி உடைந்து ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மாக்னுஸ்தான் தன் குதிரைகளைக் கட்டி இழுத்துவிட்டார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "உன் பையன் மேல எனக்குக் கோவம் இல்லடா. எங்க யோனாஸோட மேஜரும் முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே. உன்னப் பாக்கறப்பல்லாம் அதான் நெனப்பு வருது" என்றார். நான் மீனில் பாதியை அவர் வண்டியில் ஏற்றினேன், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கேப்டனாக இறங்கிவர ஒப்புக்கொண்டால் மறுபடி போர்முனைக்கு எடுத்துக்கொள்வார்களாம், போகட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அம்மா "வேணாம்னு எழுதுங்க" என்கிறாள், எழுதிவிட்டேன். என்னைக் கேட்டால், நீ கோழை இல்லை என்று யாருக்கோ காட்டுவதற்காகப் போகாதே. உன் ஆட்களோடு இருக்கத் தோன்றினால் போ. போன இடத்திலும் முடியாது என்று சொல்ல வேண்டிய நாள் வந்தால் சொல்.

கடவுள் உன் பக்கத்தில் இருக்கட்டும். மறக்காமல் மாக்னுஸுக்கு நாலு வரி எழுது. நியாயம் எதுவும் பேசாதே, யோனாஸ் அங்கே யாரோடு சுற்றினான், எதற்குச் சிரித்தான், அதை மட்டும் எழுது.

உன் அப்பா,
சிகுர்ஜோன்