குப்பைத்தொட்டியில் கிடந்த துணி

செவ்வாய், இரவு.

அம்பத்தூரில் நான் வேலை செய்யும் எசென்ஸ் கம்பெனி இன்று தீப்பிடித்திருக்கும். சாயங்காலம் கலவை அறையைச் சுற்றிப் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டேன். என் பின்னாலேயே வந்த, அந்த அறையில் வேலை செய்யும் ஃபரிதா வாசலில் நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா, பாதாம் வாசனை இப்டித் தூக்குது. உங்களுக்குத் தெர்லியா?"

குப்பைத்தொட்டியைக் கிளறினாள். சிந்திய பென்சால்டிஹைடை, பாதாம் எசென்ஸுக்குப் போடும் திரவத்தை, யாரோ துணியால் துடைத்துப் போட்டிருக்கிறார்கள். துணி சுட்டது. துணியில் ஊறிக் கிடந்தால் அது காற்றுப் பட்டுச் சூடாகித் தானாகவே எரியும். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லித் தருவதே நான்தான். துணியை வாளித் தண்ணீரில் அமுக்கினோம்.

"எத்தினி நாளாக்கா?" என்றாள்.

காய்ச்சல் வந்து போனதிலிருந்து எந்த வாசனையும் தெரியவில்லை, இரண்டு மாதமாகிறது என்றேன். பதினாறு வருஷமாக இந்த மூக்கை நம்பித்தான் எனக்கு அங்கே வேலை.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்க்கா."

நானே போய் மேனேஜரிடம் சொன்னேன். அவர் நாளையிலிருந்து பேக்கிங்குக்குப் போகச் சொன்னார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஃபரிதா அந்த அறையில் தினமும் எட்டு மணி நேரம் இருக்கிறாள். அது தெரிந்தும் நான் இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை.