நடக்கிற வயது

ஹோர்சன்ஸ்
15.05.1988

அன்பு மகள் வினோதாவுக்கு,

அப்பா சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். கடித உறையின் ஒட்டுக்கு மேல் கையெழுத்து வைத்திருக்கிறேன், அது குழம்பியிருந்தால் வழியில் யாரோ பிரித்துப் படித்திருக்கிறார்கள் என்று அறிந்துகொள்.

உங்களை இங்கே எடுக்க டேனிஷ் அரசுக்குப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. இங்குள்ள தமிழர் ஒருவருக்கும் மாதக்கணக்காகப் பதில் இல்லை, எனக்கு மட்டும் ஏன் என்று உறையைக் கண்டபோதே சந்தேகப்பட்டேன். மகளுக்குப் பதினெட்டு வயது என்று தை மாத விசாரணையில் நீங்களே சொன்னீர்கள், ஆகவே அவள் பிள்ளை என்ற கணக்கில் வரமுடியாது என்று எழுதியிருக்கிறார்கள். நான் சொன்னது "பிள்ளைக்குப் பதினெட்டு நடக்குது" என்று. மொழிபெயர்த்தவர் 'நடக்குது' என்பதை விழுங்கிவிட்டார், தெரியாமல் விழுங்கினாரோ, சொல்லிக்கொடுத்து விழுங்கினாரோ. உனக்குப் பதினெட்டு முடிய ஆவணி ஒன்பது வரை இருக்கிறது. அதுவரை இழுத்தால் அவர்கள் எழுதியது உண்மையாகிவிடும் அல்லவா.

சித்திரைக் கடைசியில், அகதிகளுக்கு உதவும் பிர்த்தா என்ற அம்மா எங்களைப் பஸ்ஸில் ஏற்றி இடிந்துபோன பழைய துறவிமடம் ஒன்றையும் அதையொட்டிய கல்லறைகளையும் காட்டினார். சும்மா கூட்டிப்போய்ச் சவக்காலையைக் காட்டுவது ஏன், எங்களைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்கவோ என்று அவர் குடிக்கத் தந்த கோப்பியையும் தொடாமல் கல்லறைகளை வாசித்துக்கொண்டு நடந்தேன். என் அறையில் இருக்கும் இராசரத்தினம், "அண்ணை, செத்ததுகளையாவது விசாரிக்காமல் விடுங்கோ" என்று பகிடி பண்ணினான். பாசி பிடித்த ஒரு கல்லில் ஒரு பெண்பிள்ளை, பிறந்தது 1790 கார்த்திகை, இறந்தது 1808 பங்குனி. கீழே 'தன் வயதின் பதினெட்டாம் ஆண்டில்' என்று வெட்டியிருக்கிறது. நாலு தரம் விரல்விட்டு எண்ணினேன், முடிந்தது பதினேழுதான். பிர்த்தாவைக் கேட்டேன், முந்தி நாங்கள் அப்படித்தான் எண்ணினோம் என்றார்.

இராசரத்தினத்தைக் கொண்டு அந்தக் கல்லைப் படம் எடுப்பித்தேன். விண்ணப்பத்தை மறுத்தவர்களுக்கு, "உங்கள் பாட்டன்மார் எண்ணியபடிதான் நானும் எண்ணினேன்" என்று அகராதியை வைத்து நானே டேனிஷில் எழுதி, படத்தோடு அனுப்பிவிட்டேன். எழுதித் தருவதாகப் பிர்த்தா சொன்னார், நான் விடவில்லை. வாசிக்க மட்டும் கொடுத்தேன், இரண்டு எழுத்துத்தான் திருத்தினார்.

உன் பிறப்புப் பத்திரம் முதல் அனுப்பியது வந்து சேரவில்லை என்கிறார்கள், நான் நம்பவில்லை. இன்னும் இரண்டு பிரதி எடுத்துப் பதிவுத் தபாலில் ஒன்றை என் பெயருக்கும் ஒன்றை இராசரத்தினத்தின் பெயருக்கும் அனுப்பு. அம்மாவைத் தனியே விட்டு எங்கும் போகாதே. முருகன் உங்கள் இருவரையும் என்னிடம் சேர்க்கட்டும்.

யார் வயது கேட்டாலும் "பதினேழு முடிஞ்சுது" என்று மட்டும் சொல். நான் சொன்னது பிழை என்பதற்காக அல்ல.

இப்படிக்கு,
உன் வரவை நாள் எண்ணி இருக்கும் அப்பா
க. தேவராசா