கம்பங்கொல்லையில் கிளி

சென்னை
12-10-1979

அன்புள்ள அப்பாவுக்கு, செல்லி கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டிவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

இங்கே இதய ஆபரேஷன் முடிந்தவர்களை உடனே விழிக்க விடமாட்டோம். தொண்டையில் இருக்கும் மூச்சுக் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள் என்று மார்ஃபின் ஊசி போட்டுத் தூங்க வைப்போம். நேற்று ஊசியை நிறுத்தி வெகுநேரம் ஆகியும் ஒரு வாத்தியார் கண் திறக்கவே இல்லை. டாக்டருக்கே முகம் வாடிவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்து, நீங்கள் விடியலில் என்னை எழுப்புவது போலவே பயத்தில் கத்திவிட்டேன்: "ஏந்திரிங்க, கம்பங்கொல்லையில கிளி பூந்துடுச்சி!"

கண் திறந்தார்! சாயங்காலம் குழாயை எடுத்ததும், கரகரத்த குரலில் அவர் கேட்ட முதல் கேள்வி, "கிளி போய்டுச்சாம்மா?" வார்டே சிரித்தது. நானும்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஜமுனாமரத்தூரிலிருந்து யாராவது இந்தப் பக்கம் பஸ் ஏறினால் நம் புளி கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். ஹாஸ்டல் ரசத்தில் புளிப்பே இல்லை. அம்மா நெய்யில் வறுத்த மிளகும் கொஞ்சம்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. இங்கே என்னை மணி அடித்துத்தான் எழுப்புகிறார்கள். கிளி விரட்டும்போது என் பேரையும் சேர்த்து ஒருதரம் கூப்பிடுங்கள், அப்பா.

உங்கள் செல்லி