எல்லா வீட்டிலும் கேட்ட கேள்வி

1932 ஜூன் 6, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். கட்டுகஸ்தோட்டை ஆறு கலங்கி ஓடுகிறது. என் மருத்துவிச்சிப் பையைக் கழுவியாயிற்று, காய வைக்கத்தான் வழியில்லை. வாங்க வேண்டியவை: பஞ்சு, லைசோல், விளக்குத் திரி.

இவர் இன்றும் பாடிக்கொண்டே கந்தோருக்குப் போனார். கல்யாணமாகி ஆறு வருஷம். இதற்கு முன்னெல்லாம் வீட்டில் இவர் பாடி நான் கேட்டதே இல்லை. வக்கீல் கந்தோரில் நாள் முழுக்கக் காணி உறுதிப் பத்திரம் எழுதிவிட்டு, வாயைத் திறக்காமல் சோறு தின்கிற மனுஷன். சந்தோஷம்தானே படவேண்டும்? பாட்டுச் சத்தம் மறையும்வரை வாசலிலேயே நின்றேன்.

ஐந்தாம் மாதம். அசைகிறது. மாதாவே, இதையாவது கொடு.

ஜூன் 7, செவ்வாய்

பத்து மணிக்கு வாசலில் மாட்டு வண்டி. மடவளைத் தளபாடக் கடை நானா இறங்கினார். வண்டி நிறையப் பிரம்பு போட்ட கதிரைகள்.

"ஒங்கட ஐயாதான் செல்லி அனுப்பின, தங்கச்சி. பன்னெண்டு கதிரை ஈக்கி. எங்க வெக்கிற?"

இருப்பது இரண்டே அறை. எங்கே வைப்பது? ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். சாயங்காலம் இவர் வந்ததும் கேட்டேன்.

"பிஷப் ஆண்டவர் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர்றாரு. கூட சாமிமாருங்க வேற."

"யாரு சொன்னா?"

"சொல்லணுமா? நான் இருக்கிற வீட்டுக்கு வராம எங்க போவாரு?"

சிரித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. தேத்தண்ணிக் கோப்பை கையில் நடுங்கி, வேட்டியெல்லாம் கொட்டியது. அதற்கும் சிரிப்பு. ஒரு சோடி செருப்பு வாங்க மூன்று ஞாயிறு யோசித்தவர் இவர்.

ஜூன் 9, வியாழன்

மழை விட்டது. கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கூலிக்காரர் லயத்தில் இருபது வயசுப் பெண், மூன்றாம் கர்ப்பம். முதல் இரண்டும் செத்துப் பிறந்தவை. பிள்ளை தங்காத வீட்டிலெல்லாம் எட்டு வருஷமாக வாய்ப்பாடாய்ச் சொல்லிவருகிற கேள்வியைக் கேட்டேன்.

"ஒன் புருஷனுக்கு எப்பவாச்சும் அந்த எடத்துல புண்ணு வந்துச்சா? ஒளிக்காமச் சொல்லு."

இல்லையென்று தலையாட்டினாள். என் வயிற்றைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு இது எத்தனாவதுங்க நர்ஸம்மா?"

"மூணாவது."

"மத்த ரெண்டும் பள்ளிக்கூடம் போவுதுங்களா?"

பையை மூடிவிட்டேன். பேராதனை பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது.

என் முதல் பிள்ளை ஏழாம் மாதம் வயிற்றிலேயே போனது. இரண்டாவது செத்தே பிறந்தது, முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை. மேடு ஏறி இறங்குகிற வேலை, அதனால்தான் என்று எல்லோருக்கும் சொன்னேன். எனக்கும் சொல்லிக்கொண்டேன். எத்தனை வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். என் வீட்டில் கேட்கவில்லையே! மருத்துவிச்சியாம் மருத்துவிச்சி.

ஜூன் 10, வெள்ளி

கண் பார்க்க என்று பொய் சொல்லி இவரைக் கண்டிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் யாழ்ப்பாணத்து மனுஷர், தனி டிஸ்பென்சரி. நான் வேலை பழகிய நாளிலிருந்து தெரியும். பாட்டையும் கதிரையையும் முன்னாடியே சொல்லிவைத்திருந்தேன்.

கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார். வலது கண்பாப்பா சுருங்கியது. இடது அசையவில்லை. பேரை எழுதச் சொன்னார். உறுதி எழுதுகிற கை, எழுத்தெல்லாம் கோணல். பிறகு என்னுடைய கேள்வியையே டொக்டர் கேட்டார். இவர் கொஞ்சமும் கூசவில்லை.

"வந்துச்சு டொக்டர். கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முந்தி, கொழும்புல."

"ஆரிட்டக் காட்டினனீங்கள்?"

"சாமியார்கிட்ட. பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். மூணு வாரத்துல புண்ணு தானா ஆறிடுச்சு. ஆண்டவர் மன்னிச்சிட்டாருன்னு அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏத்தினேன்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அது மேகப்புண். தானாத்தான் ஆறும். ஆறிப்போட்டு உள்ளுக்கை இருக்கும். மூளைக்குப் போகப் பத்து வருசமும் எடுக்கும், தம்பி."

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஆண்டவருக்கே சொல்லியாச்சு. ஒனக்கு எதுக்கு?"

டொக்டர் எங்கள் இரண்டு பேர் இரத்தமும் எடுத்தார். இரண்டு குழாய், கொழும்புக்குப் போகிறது. வீட்டுக்கு வந்து ஒரு சட்டியைத் தரையில் அடித்து உடைத்தேன். ஆத்திரம் அடங்கவில்லை.

ஜூன் 13, திங்கள்

அந்தோனியார் திருநாள். கோயிலுக்குப் போகவில்லை. அந்த மெழுகுதிரி ஞாபகம் வருகிறது.

கந்தோரிலிருந்து இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்டி வாவியைத் தன் பேருக்கு உறுதி எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு வக்கீலிடமே நீட்டினாராம். கூட்டிவந்த பியோன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். இவரை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

பயப்படுபவை:
பிள்ளை பிறக்குமா.
பிறந்தால் கண் தெரியுமா.
இவரை அங்கொடைப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்வார்களா.
நானும் ஒரு நாள் பாடத் தொடங்குவேனா.

காலையில் கண்ணாடி முன் விளக்கைப் பிடித்து என் கண்பாப்பாக்களைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோல்தான் தெரிந்தன. மத்தியானம் மறுபடி பார்த்தேன்.

ஜூன் 17, வெள்ளி

அடை மழை. டிஸ்பென்சரிக்குப் போனேன். கொழும்பிலிருந்து கடிதாசி வந்திருந்தது. டொக்டர் வாசித்தார்.

"ரெண்டு குழாயிலையும் இருக்கு, பிள்ளை."

அழவில்லை. வயிற்றுப் பிள்ளை பிழைக்குமா என்று மட்டும் கேட்டேன்.

"இப்பவே தொடங்கினால் காப்பாத்தலாம். கிழமைக்கு ஒரு ஊசி, ஒண்டும் தவறக் கூடாது. அவருக்கும் போடுவம். ஆனால் அவருக்கு நான் வாக்குத் தர ஏலாது."

முதல் ஊசி போட்டாயிற்று. கை கனக்கிறது. அப்படியே ஒரு வீட்டில் தொப்புள் கட்டுப் பார்த்துவிட்டு, நாலு மணிக்குப் பையோடு வீடு வந்தேன்.

இவர் கதிரைகளை எல்லாம் வரிசையாகப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். பையைப் பார்த்தார். துண்டால் ஒரு கதிரையைத் துடைத்தார்.

"வாங்க நர்ஸம்மா, உக்காருங்க. என் சம்சாரம் வெளிய போயிருக்கா. இப்ப வந்துருவா."

விளையாட்டு என்று நினைத்தேன். முகத்தில் விளையாட்டு இல்லை. துடைத்த கதிரையில் உட்கார்ந்தேன். கடைசியில் எல்லா வீட்டிலும் முதலில் கேட்பதைத்தான் வாய் கேட்டது.

"இதுக்கு முந்தி பிள்ளைங்க இருந்துச்சா?"

"ரெண்டு. ரெண்டும் தங்கல." வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லாத முகம். "ரெண்டாவத நான்தான் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனேன். தோலெல்லாம் உரிஞ்சிருந்துச்சு. அன்னிக்கே தெரிஞ்சு போச்சு, என்னாலதான்னு. பயந்துட்டேன். அவ மேடு ஏறினதாலதான்னு சொன்னா, நானும் ஆமான்னுட்டேன். அவகிட்ட சொல்லிடாதீங்க நர்ஸம்மா."

சொல்ல மாட்டேன் என்றேன்.